கருவூலம் வற்றிய வரலாறு: பீகார் மாநிலத்தின் பொருளாதார, பொதுநிதிச் சிக்கல்கள்

முன்னுரை

அகநானூற்றின் 265ஆம் பாடலான பாலைத்திணைப் பாடலொன்றில் மாமூலனார், பாடலி நகரத்து நந்தர் கங்கை நீரின் அடியில் மறைத்து வைத்த பெருஞ்செல்வத்தைக் குறிப்பிடுகிறார். செல்வத்தின் எல்லையைச் சுட்ட விரும்பிய தமிழ்ப் புலவருக்கு நினைவில் எழுந்த ஊர் பாடலிபுத்திரம். அதுவே இன்றைய பீகாரின் தலைநகராகிய பாட்னா. அரசின் ஏழு உறுப்புகளுள் ஒன்றாகக் கருவூலத்தை வைத்து ஆராய்ந்த அருத்தசாத்திர மரபும் அந்நகரத்தோடு இணைத்தே பேசப்பட்டு வருகிறது.

இன்றோ பீகாரின் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே உள்ளது. அம்மாநில அரசின் வருவாயில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஒன்றிய அரசிடமிருந்து வரிப்பகிர்வாகவும் மானியமாகவும் வருகிறது. தன் சொந்த வரியைக் கொண்டு தன் அரசு ஊழியர்க்குரிய ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் வழங்குவதே அதற்கு அரிதாகிறது.

இந்நிலைக்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் இரு பிரிவினராவர். ஊழலும் சாதி அரசியலும் திறமையற்ற ஆட்சியுமே காரணம் என்பர் ஒரு சாரார். மைய அரசின் புறக்கணிப்பே காரணம் என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு எனினும், இரண்டுமே அண்மைக் காலத்தோடு நின்று விடுகின்றன. பீகாரின் கருவூலம் வற்றியதற்கு இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வரி திரட்டும் வழிகள் மூன்று காலகட்டங்களில் அம்மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. வரி திரட்டும் ஆற்றலை இழந்த அரசு, பிறர் தரும் நிதியைப் பெற்றுப் பயன்படுத்தும் ஆற்றலையும் காலப்போக்கில் இழந்தது. இக்கருத்தை நிறுவுவதும், இன்றைய நிதிப் பங்கீட்டு வாதங்களில் அதற்குரிய இடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1793: உறைந்து போன நிலவரி

1765இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய பகுதிகளில் வரி தண்டும் உரிமையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வழங்கினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1770இல், அப்பகுதிகளைக் கொடும் பஞ்சம் தாக்கியது. அப்பஞ்சத்தின் நினைவில் தானியம் சேமிப்பதற்காக 1786இல் கட்டப்பட்ட கோல்கர் என்னும் குவிமாடக் களஞ்சியம் பாட்னாவில் இன்றும் நிற்கிறது.

பஞ்சத்திற்குப் பின் கும்பினியின் நிலவரி வருவாய் நிலையற்றதாயிற்று. அதனைச் சீராக்கும் பொருட்டு 1793இல் காரன்வாலிஸ் பிரபு நிலையான நிலவரித் திட்டத்தை அறிவித்தார். குத்தகை வருவாயைப் பதினொரு பங்காக்கிப் பத்துப் பங்கு அரசுக்கும் ஒரு பங்கு ஜமீன்தாருக்கும் உரியதாக வகுக்கப்பட்டது. அரசுக்குரிய தொகை பண அளவில் என்றென்றைக்கும் மாறாதது என உறுதியளிக்கப்பட்டது. குறித்த நாளில் கதிரவன் மறைவதற்குள் தொகையைச் செலுத்தத் தவறிய ஜமீன் ஏலத்திற்கு வந்தது.

தொடக்கத்தில் இச்சுமை பல ஜமீன்களை வீழ்த்திய ஒன்றே. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலைவாசி ஏறியது, தரிசு நிலம் விளைநிலமாயிற்று, குத்தகையும் உயர்ந்தது. அரசுக்குரிய தொகை மட்டும் 1793இல் நின்ற இடத்திலேயே நின்றது. வளர்ச்சியின் பயன் இடைத்தரகர் அடுக்குகளில் தங்கியது. உழவரிடமிருந்து பெறப்பட்ட பணம் குறையவில்லை. அது பொதுக் கருவூலத்தை அடைவதுதான் குறைந்தது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் தாமஸ் மன்றோ வகுத்த இரயத்துவாரி முறை நிலவியது. அம்முறை உழவருக்கு இனிமையானதன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின் துயரும், பிழைப்புத் தேடித் தமிழர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய வரலாறும் அதனை மெய்ப்பிக்கும். ஆயினும் நிதி வரலாற்று நோக்கில் இரு முறைகளுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. இரயத்துவாரிப் பகுதியில் வரி குறித்த கால இடைவெளியில் திருத்தப்பட்டது. அதற்காக ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டது. ஊர்தோறும் கணக்கர் ஏடு எழுதினர். தாசில்தாரின் ஆட்சி சிற்றூர் வரை சென்றது. பீகாரிலோ வரி மாறாததால் அரசுக்கு வயலை அளக்கும் தேவையே எழவில்லை. வடபீகாரில் முறையான வயல்வாரி அளவை 1890களில்தான் நடைபெற்றது. அரசு தன் குடிமக்களை அறியாமலே ஒரு நூற்றாண்டு கழிந்தது எனலாம்.

நிலையான நிலவரித் திட்டத்தை ஆதரித்தோரும் இருந்தனர். இந்தியப் பொருளாதார வரலாற்றை எழுதிய ரொமேஷ் சந்திர தத்தர், வரி உயராத பகுதிகளில் மக்களிடம் செல்வம் தங்கும் என வாதிட்டார். பிற்கால ஆய்வுகள் இக்கருத்திற்கு வலுச் சேர்க்கவில்லை. அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயர் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஜமீன்தாரி முறை நிலவிய மாவட்டங்கள் விடுதலைக்குப் பின்னரும் வேளாண் முதலீட்டிலும் விளைச்சலிலும், பள்ளி, மருத்துவ வசதிகளிலும் பின்தங்கியிருந்ததைக் காட்டிற்று.

அபினி: பீகாரில் விளைந்து வெளியேறிய வருவாய்

நிலவரி உறைந்திருந்த காலத்தில் பீகார் மண்ணிலிருந்து வேறொரு பெருவருவாய் கிடைத்தது. கும்பினியின் அபினி முகமை பாட்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. உழவர் முன்பணம் பெற்றுக் கசகசாச் செடி பயிரிட்டு, அதன் பாலை அரசு குறித்த விலைக்கே முகமையிடம் ஒப்படைத்தனர். பாட்னா அபினி கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டுச் சீனத்துக்கும் தென்கிழக்காசியாவுக்கும் சென்றது. கொள்விலைக்கும் ஏலவிலைக்கும் இடைப்பட்ட பெருந்தொகை அரசின் வருவாயாயிற்று.

இவ்வருவாய் பீகாருக்கு உரியதாகக் கருதப்படவில்லை. அது கல்கத்தா கருவூலத்தில் சேர்ந்து பேரரசின் பொதுச் செலவுகளில் கரைந்தது. நம் வட்டாரத்திற்கும் இதில் தொடர்பு உண்டு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களின் அரசு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் தன் வருவாயில் ஏறத்தாழப் பாதியை அபினி விற்பனைக் குத்தகையிலிருந்தே பெற்றது. அங்கே விற்ற அபினியின் பெரும்பகுதி வங்காள மாகாணத்திலிருந்து வந்ததாகும். பீகார் உழவரின் உழைப்பு சிங்கப்பூரின் சாலைகளுக்கும் துறைமுகத்திற்கும் ஓரளவு நிதி அளித்தது; அவரது ஊருக்கோ அது பாசனக் கால்வாய் எதையும் தரவில்லை.

அரசு மனம் வைத்துச் செலவிட்டபோது விளைந்த பயனுக்கும் பீகாரிலேயே சான்று உண்டு. 1873–74இல் அங்குப் பஞ்சம் தோன்றியபோது, ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து பெருமளவில் அரிசி தருவித்து வழங்கியதால் உயிரிழப்பு மிகக் குறைவாயிற்று. ஆனால் அவர் அளவு கடந்து செலவழித்துவிட்டதாகக் கண்டிக்கப்பட்டார். சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, அதே டெம்பிள் நிவாரணக் கூலியைக் கடுமையாகக் குறைத்தார். பீகாரில் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்குரிய செலவைக் குற்றமாகக் கருதிய மனப்போக்கு தமிழகத்தில் உயிர்களைப் பலிகொண்டது. பொதுநிதிக் கொள்கை என்பது வெறும் எண்களின் கணக்கன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்தும்.

மெஸ்டன் தீர்வு காட்டும் சித்திரம்

பீகாரும் ஒரிசாவும் 1912இல் வங்காளத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமாயின. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் நிலவரியை மாகாணங்களுக்கே முழுமையாக ஒப்படைத்தன. அதனால் மைய அரசுக்கு ஏற்பட்ட பற்றாக்குறையை ஈடுசெய்ய, மாகாணங்கள் ஆண்டுதோறும் பங்களிக்க வேண்டும் என மெஸ்டன் குழு 1920இல் பரிந்துரைத்தது. மொத்தத் தொகை 983 இலட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணத்தின் பங்கு 348 இலட்சம். ஐக்கிய மாகாணத்தின் பங்கு 240 இலட்சம். பஞ்சாபின் பங்கு 175 இலட்சம். பீகார்–ஒரிசா மாகாணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டது.

நிலவரி யாருக்கு மிகுதியாக வருகிறதோ அவர்களே புதிய ஏற்பாட்டால் பெரும் பயன் பெறுவர் என்பது இக்கணக்கின் அடிப்படை. இரயத்துவாரி நிலவிய சென்னை பட்டியலின் உச்சியில் நின்றது. நிலவரி உறைந்திருந்த பீகாருக்குக் கொடுக்க ஏதுமில்லை. இவ்விலக்கு சலுகைபோல் தோன்றினும், அது அம்மாகாணத்தின் வறுமைக்கு வழங்கப்பட்ட அரசுச் சான்றிதழே ஆகும். மாகாணங்களுள் தலைக்கு மிகக் குறைந்த வருவாயும் மிகக் குறைந்த செலவும் உடையதாகவே அது விளங்கியது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிட வேண்டிய பொறுப்பு மாகாணங்களிடம் வந்த காலத்தில், பீகார் வெறுங்கையோடு அப்பொறுப்பை ஏற்றது.

இம்மாகாணத்தின் தென்பகுதியாகிய சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தில் மட்டும் வேறு வகையான எதிர்காலம் அரும்பியது. ஜாரியாவில் நிலக்கரியும் சிங்பூமில் இரும்புத்தாதும் கிடைத்தன. 1907இல் தொடங்கப்பட்ட டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் 1912இல் எஃகு வார்த்தது. நிலவரி தராத வருவாயைத் தொழில் தரும் என்னும் நம்பிக்கைக்கு இடமிருந்தது.

ஜமீன் ஒழிப்பும் ஏடுகள் இல்லாத ஆட்சியும்

விடுதலை பெற்ற இந்தியாவில் ஜமீன் ஒழிப்புக்கு முதலில் சட்டமியற்றிய மாநிலங்களுள் பீகாரும் ஒன்று. 1950ஆம் ஆண்டின் பீகார் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங் வழக்குத் தொடுத்தார். 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. இத்தகைய சட்டங்களைக் காக்கும் பொருட்டே அவ்வாண்டு அரசமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, ஒன்பதாம் அட்டவணை உருவாயிற்று. அவ்வட்டவணையின் முதல் இடத்தில் பீகார்ச் சட்டமே உள்ளது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் சேர்க்கப்பட்டதும் இதே அட்டவணையில்தான் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

சட்டம் வென்றது. ஆயின் ஜமீன்தாரை நீக்கிய இடத்தில் அமர்த்துவதற்கு உரிய வருவாய்த்துறை அரசிடம் இல்லை. குடிவாரப் பதிவேடுகள் ஜமீன் கச்சேரிகளில் இருந்தன. அவற்றுள் பல அரைகுறையாகவே அரசின் கைக்கு வந்தன. உச்சவரம்புச் சட்டமும் குத்தகைதாரர் பாதுகாப்பும் ஏட்டளவில் நின்றமைக்கு நிலக்கிழாரின் அரசியல் வலிமை ஒரு காரணம். நிலம் யாருடையது என்பதை அரசே அறியாதிருந்தது மற்றொரு காரணம். 2024 ஆகஸ்டிலும் மாநிலம் முழுவதற்குமான சிறப்பு நில அளவை ஒன்றைப் பீகார் அரசு தொடங்க வேண்டியிருந்தது. 1793இன் நிழல் அத்துணை நீளமானது.

சரக்குக் கட்டணச் சமன்பாடும் கனிம உரிமத்தொகையும்

இரண்டாம் காலகட்டம் விடுதலை இந்தியாவின் நல்லெண்ணத்திலேயே தொடங்கிற்று. தொழில் ஒரு சில இடங்களில் குவியாமல் நாடெங்கும் பரவ வேண்டும் என்னும் நோக்கில், 1950களில் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. எஃகுக்கு நாடெங்கும் ஒரே விலை உறுதி செய்யப்பட்டது. ஆலைக்கு அருகில் வாங்குவோர் உண்மைப் போக்குவரத்துச் செலவினும் கூடுதலாகச் செலுத்தினர். தொலைவில் வாங்குவோர் குறைவாகச் செலுத்தினர். இடையில் ஒரு நிதியம் இவ்வேறுபாட்டை ஈடுசெய்தது. அதனால் அன்று பீகாரில் இருந்த ஜாம்ஷெட்பூரின் ஆலை வாயிலில் பட்டறை வைத்திருப்பவரும் ஆயிரம் மைலுக்கு அப்பால் சென்னையில் பட்டறை வைத்திருப்பவரும் எஃகுத் தகட்டுக்கு ஒரே விலை கொடுத்தனர்.

சுரங்கத்தின் அருகில் இருப்பதே பீகாருக்கு இயற்கை வழங்கிய தொழில் மூலதனம். அம்மூலதனம் ஓர் ஆணையால் மதிப்பிழந்தது. எஃகைக் கொண்டு பொருள் செய்யும் பொறியியல் தொழில்கள், துறைமுகமும் சந்தையும் தேர்ந்த தொழிலாளரும் உள்ள மேற்கு, தென்மாநிலங்களில் பெருகின. பம்பாய், பூனாப் பகுதிகளைப் போலவே கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளும் இதனால் ஓரளவு பயனடைந்தன. மேற்கு மாநிலங்களின் பருத்திக்கு இத்தகைய சமவிலை ஏற்பாடு செய்யப்படவில்லை என்பது பீகார் அறிஞர் நெடுங்காலமாக எழுப்பி வந்த வினா. 1990களின் தொடக்கத்தில் இக்கொள்கை கைவிடப்பட்டபோது, தொழிற்சாலைகள் தமக்குரிய இடங்களில் வேரூன்றிவிட்டன.

பீகாரில் தொழில் வளராமைக்கு இக்கொள்கை ஒன்றே காரணம் எனல் மிகையாகும். மின்பற்றாக்குறை, கல்விக் குறைவு, சட்டம்–ஒழுங்குச் சீர்கேடு ஆகியனவும் காரணங்களே. தமிழ்நாட்டின் வளர்ச்சிக்கும் அம்மாநிலம் மின்வசதியிலும் பள்ளிக் கல்வியிலும் செய்த முதலீடு தலையாய காரணமாகும். ஆயினும் வரிதரத்தக்க தொழில் அடித்தளம் பீகாரில் உருவாகாமல் போனதில் இக்கொள்கைக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதை மறுத்தல் அரிது.

எஃகு ஆலைகளின் பயன் பிற இடங்களுக்குச் சென்றாலும், கனிமத்தின் உரிமத்தொகை மாநிலத்துக்கு உரியதன்றோ என வினவலாம். 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி பெருங்கனிமங்களுக்கு உரிமத்தொகையை உறுதி செய்யும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் உள்ளது. நிலக்கரிக்கு நெடுங்காலம் அது விலையின் விழுக்காடாக அன்றி, டன்னுக்கு இத்தனை ரூபாய் எனவே உறுதி செய்யப்பட்டிருந்தது. விலை ஏறிய போதெல்லாம் தொகை தானாக ஏறவில்லை. அடுத்த திருத்தம் வரும்வரை மாநிலம் காத்திருந்தது. நிலவரியைப் பணத்தில் உறைய வைத்த 1793இன் பிழையே வேறு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது.

இக்குறையை ஈடுசெய்யக் கனிம மாநிலங்கள் மேல்வரி விதித்தன. அதற்கான தடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் உரிமத்தொகைமீது விதிக்கப்பட்ட மேல்வரியைக் குறித்த இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், உரிமத்தொகையும் ஒரு வரியே என 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்மேல் மாநிலம் வரி விதித்தல் செல்லாதென்றாயிற்று. பீகார், ஒரிசா ஆகியவற்றின் மேல்வரிகளும் அதைத் தொடர்ந்து வீழ்ந்தன. 35 ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 25இல், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் அத்தீர்ப்பு தவறானது என அறிவித்தது. 2005 ஏப்ரல் முதல் நிலுவை கோரவும் மாநிலங்களுக்கு வழி திறந்தது. ஆனால் அதற்குள் பீகாரின் சுரங்கங்கள் வேறு மாநிலத்திற்கு உரியவையாகிவிட்டன.

2000: நிலம் பிரிந்தது, சுமை தங்கியது

2000 நவம்பர் 15இல் ஜார்க்கண்ட் தனி மாநிலமாயிற்று. அது சோட்டாநாக்பூர்ப் பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாகப் போராடிப் பெற்ற உரிமை; அதன் நியாயத்தை இங்கு நாம் ஐயுறவில்லை. தம் நிலத்தடிச் செல்வம் பாட்னாவிற்கும் டில்லிக்கும் சென்றது என்னும் அம்மக்களின் குறை, பீகார் கூறிவரும் குறையைப் போன்றதே. பிரிவினைக்குப் பின்னும் ஜார்க்கண்ட் வறிய மாநிலங்களுள் ஒன்றாக நீடிப்பது, கனிமம் இருந்தால் மட்டும் செழிப்பு வாராது என்பதைக் காட்டுகிறது.

நிதி நோக்கில் பிரிவினையின் விளைவு தெளிவானது. பழைய பீகாரின் பரப்பில் ஏறத்தாழ 54 விழுக்காடும், மக்கள்தொகையில் ஏறத்தாழ 75 விழுக்காடும் புதிய பீகாரிடம் தங்கின. 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு 8 கோடியே 29 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஜாம்ஷெட்பூர், பொக்காரோ, தன்பாத், ராஞ்சி ஆகிய தொழில் நகரங்கள் அனைத்தும் ஜார்க்கண்டுக்குச் சென்றன. எஞ்சியதோ வெள்ளச் சமவெளி. பீகாரின் பரப்பில் 73 விழுக்காடு வெள்ள அபாயம் உடையது. நேபாளத்தில் பாய்ந்து வரும் கோசி ஆறு 2008 ஆகஸ்டில் குசஹா என்னும் இடத்தில் கரையை உடைத்துப் போக்கு மாறியபோது இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். ஓராண்டில் அமைத்த சாலையையும் பாலத்தையும் மறு ஆண்டு வெள்ளம் அடித்துச் செல்லும் நிலத்தில், பொதுநிதி முதலாகத் திரண்டு நிற்பது கடினம்.

கொடுத்ததைப் பெற இயலாமை

மூன்று காலகட்டங்களின் ஒட்டுமொத்த விளைவு 1990களில் வெளிப்பட்டது. மைய அரசின் திட்டங்கள் பல, மாநிலமும் தன் பங்கை இட்டால்தான் நிதி விடுவிக்கும் வகையில் அமைந்தவை. தன் பங்கை இட இயலாத மாநிலம் மையப் பங்கையும் இழந்தது. திட்ட அறிக்கை தயாரிக்கப் பொறியாளர் இல்லை. செலவுக் கணக்கை உரிய காலத்தில் அனுப்ப ஊழியர் இல்லை. ஒதுக்கப்பட்ட நிதி செலவாகாமலே திரும்பிற்று. அக்கால ஆட்சியாளரின் பொறுப்பின்மையும், கருவூலங்களிலிருந்து பொய்ப்பட்டியல் காட்டிப் பணம் எடுக்கப்பட்ட மாட்டுத்தீவன ஊழலும் இதனை மோசமாக்கின. ஆனால் அவை வீழ்த்தியது ஏற்கெனவே மெலிந்திருந்த நிர்வாகத்தையே.

உதவியின் வடிவமும் சிக்கலாயிற்று. 1969இல் நடைமுறைக்கு வந்த காட்கில் வாய்பாட்டின்படி, பொதுவகை மாநிலங்களுக்கான திட்ட உதவியில் 70 விழுக்காடு கடன். 30 விழுக்காடு மட்டுமே மானியம். சிறப்புத் தகுதி மாநிலங்களுக்கோ 90 விழுக்காடு மானியம். மலைப்பகுதி, எல்லைப்புறம், குறைந்த மக்கள்நெருக்கம் முதலிய அளவுகோல்களுக்குள் அடங்காத பீகார், தன் வறுமையைக் கடனாகவே சுமந்தது. தனியார் மூலதனமும் கைகொடுக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் பீகார் மக்கள் வங்கிகளில் இட்ட வைப்புத்தொகையில் ஏறத்தாழக் கால்பங்கே அங்குக் கடனாக வழங்கப்பட்டது. ஏழை மாநிலத்தின் சேமிப்பு வளமான மாநிலங்களின் முதலீடாயிற்று.

2005க்குப் பின் நிதிஷ் குமார் தலைமையிலான ஆட்சியில் மாற்றம் தெரிந்தது. 2006இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. சாலைகளும் பாலங்களும் எழுந்தன. ஆசிரியர் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் பெண்கல்வியை உயர்த்திற்று. நிதி ஆயோக்கின் கணக்கீட்டில் பல்பரிமாண வறுமை 2015–16இல் 51.91 விழுக்காடாக இருந்து, 2019–21இல் 33.76 விழுக்காடாகக் குறைந்தது. ஆட்சியின் தரம் பொருளற்றது என்போர்க்கு இது மறுப்பாகும். ஆனால் இம்முன்னேற்றம் பெரும்பாலும் அரசுச் செலவால் இயன்றது. அச்செலவோ ஒன்றிய நிதியால் இயன்றது. 2016 ஏப்ரலில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது ஆண்டுக்கு 3,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்தீர்வை வருவாயும் நின்றது. பெண்களின் கோரிக்கையை ஏற்ற அம்முடிவின் அறத்தைப் போற்றுவோரும், சொந்த வருவாயில் அது ஏற்படுத்திய பள்ளத்தைக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

பங்கீடு: பீகாரும் தமிழ்நாடும்

இந்நிலையில்தான் நிதி ஆணையத்தின் பங்கீடு கூர்மையான விவாதமாகிறது. மாநிலங்களுக்குப் பகிரப்படும் ஒன்றிய வரியில் பீகாரின் பங்கு 13ஆம் நிதி ஆணையத்தில் 10.917 விழுக்காடு, 14ஆம் ஆணையத்தில் 9.665, 15ஆம் ஆணையத்தில் 10.058. தமிழ்நாட்டின் பங்கு முறையே 4.969, 4.023, 4.079 விழுக்காடு. 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு 15ஆம் ஆணையம் வகுத்த அளவுகோலில் வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடும், மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியமைக்கு 12.5 விழுக்காடும், வரி முயற்சிக்கு 2.5 விழுக்காடும் மதிப்பளிக்கப்பட்டன.

தாம் ஈட்டித் தரும் வரியில் சிறு பகுதியே தமக்குத் திரும்புகிறது எனவும், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய நற்செயலுக்கே தண்டனை கிடைக்கிறது எனவும் தமிழ்நாட்டில் எழும் குரலைப் புறந்தள்ள இயலாது. முதியோர் பெருகிவரும் அம்மாநிலத்துக்கும் தேவைகள் உள. ஆனால் இவ்வாதம், திறமையுடைய மாநிலம் திறமையற்ற மாநிலத்துக்கு வழங்கும் ஈகை என்னும் தொனியில் பேசப்படும்போது வரலாறு மறைந்து போகிறது. ஒரே விலையில் எஃகு பெற்ற நாற்பதாண்டுகளில் பீகாரிலிருந்து பிற மாநிலங்களுக்குச் சென்ற பயன் எந்தப் பங்கீட்டுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

மறுபுறம், நிதி ஆணையத்தின் வாய்பாடு வறுமையின் அளவை நோக்குகிறதே அன்றி, அதன் காரணத்தை நோக்குவதில்லை. பணம் சென்று சேர்வதையே அது உறுதி செய்கிறது. நில அளவையாளரையும் பொறியாளரையும் வரி அலுவலரையும் உருவாக்குவதில்லை. 2013இல் ரகுராம் ராஜன் குழு மாநிலங்களைப் பின்தங்கிய நிலைப்படி வரிசைப்படுத்தியபோது ஒரிசாவுக்கு அடுத்த இடத்தில் பீகார் நின்றது. சிறப்புத் தகுதி வேண்டும் என்னும் அதன் கோரிக்கையை ஒன்றிய அரசு 2024 ஜூலையில் மீண்டும் மறுத்தது. தகுதி கிடைப்பினும், ஆட்சி ஆற்றல் வளராத வரை பயன் முழுமை பெறாது என்பதே வரலாறு தரும் படிப்பினை.

முடிவுரை

நிலவரி 1793இல் உறைந்தது; அபினி வருவாய் கல்கத்தாவுக்குச் சென்றது; சுரங்கத்தின் அண்மை தந்த பயன் 1950களில் பறிபோனது; சுரங்கமே 2000இல் பிரிந்தது. இந்நான்கனுள் முதல் மூன்றும் பீகார் மக்களின் இசைவின்றி வெளியிலிருந்து வகுக்கப்பட்டவை. ஆகவே அம்மாநிலத்திற்குச் செல்லும் நிதியைப் பழைய ஏற்பாடுகளின் ஈடாகக் கருதுவதே பொருந்தும். அதே வேளையில், அந்நிதியைக் கொண்டு சொந்த வரி அடித்தளத்தை அமைப்பது பீகார் அரசின் கடமை. 1990களின் சீர்கேட்டுக்குக் காரன்வாலிஸ் பிரபுவைக் குற்றஞ்சாட்டித் தப்ப இயலாது.

இன்று திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் பீகார் இளைஞர் உழைக்கின்றனர். அவர்களை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பிய செலவு பீகாருடையது; அவர்களின் உழைப்பால் பெருகும் உற்பத்தி தமிழ்நாட்டினுடையது. தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துத் தாயகத்திற்குப் பணம் அனுப்பிய மலாயாத் தமிழரின் வழிவந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. அவ்வாறு அனுப்பிய பணம் குடும்பங்களைக் காத்தது, கூரையை ஓடாக்கியது, தங்கையின் திருமணத்தை நடத்தியது. ஆற்றுக்குக் கரை கட்டவும், ஊருக்கு மருத்துவமனை அமைக்கவும், வயலை அளந்து உரிமையை உறுதி செய்யவும் பொதுக் கருவூலமே வேண்டும். பீகாரின் உழைப்பாளர் தம் கடமையைச் செய்து வருகின்றனர். அவர்களை அனுப்பிய மாநிலமும், ஏற்றுக்கொண்ட மாநிலங்களும், ஒன்றியமும் தத்தம் கடமையை உணர்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின்வழி நாம் கண்ட முடிவாகும்.